சினைப்பன்றிக்கு ஒரு குடம் தண்ணீர்

பன்றியைப் பற்றி எழுதினால் நம் ஆட்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பன்னிக் கதை?" என்று கேட்கிறார்கள். பன்றி வளர்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்கள் எங்களுடையவை. அதனால் எழுதுகிறோம், அதுவும் பன்றியின் வயிற்றைப் பற்றி.

ஊரூர் ஒல்காட் குப்பம் என்றால் மீனும் படகும்தான் எல்லோர் கண்ணிலும் படும். முகத்துவாரத்துப் பக்கம் எங்கள் உறவுக்காரர்கள் நாலைந்து தாய்ப்பன்றிகள் வைத்திருந்தார்கள். பெசன்ட் நகர் ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சுவதுதான் தீவனம். சோறு, மைதா, எண்ணெய், உப்பு. தவிடும் இல்லை, தழையும் இல்லை.

பன்றிக்குச் சினைக்காலம் சுமார் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி நாட்களில் கருப்பை குடலை நெருக்கும். குடலின் வேகம் குறையும். நடமாட்டமும் குறைந்து, தண்ணீரும் குறைந்தால் சாணம் ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகிவிடும். குட்டி வரும் வழிக்கு நேர் மேலே இருப்பது மலக்குடல். அது கல்லாக நிரம்பியிருந்தால் வழி குறுகும், தாய் முக்கி முக்கிக் களைத்துப்போகும். பிரசவம் நீள நீளக் கடைசியில் வரும் குட்டிகள் மூச்சுக் கிடைக்காமல் செத்துப் பிறக்கும். அதோடு முடிவதில்லை. தேங்கிய குடலில் கிருமிகள் பெருகி நஞ்சு ரத்தத்தில் கலந்தால் தாய்க்குக் காய்ச்சல் வரும், மடி இறுகும், பால் இறங்காது. பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமல்தான் பிறக்கிறது. முதல் நாளில் சீம்பால் கிடைக்காத குட்டி பிழைப்பது கடினம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. லாரி வந்தால்தான் தண்ணீர், வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. சினைப்பன்றிக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது லிட்டர் வேண்டும், அதாவது ஒரு குடத்துக்கு மேல். பால் கொடுக்கும்போது இரண்டு, மூன்று குடம்கூடக் கேட்கும். பிள்ளைக்குக் குடிக்க வைப்பதா, பன்றிக்கு ஊற்றுவதா? உப்புப் போட்ட சாம்பார் மிச்சத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்கு அலைந்தன அந்த ஜீவன்கள். உப்பு மிகுந்து தண்ணீர் கிடைக்காவிட்டால் பன்றிக்கு வலிப்பு வந்து சாகவும் கூடும்.

அந்தக் கோடையில் ஒரு தாய்ப்பன்றி மூன்று நாள் சாணம் போடாமல் இருந்து, பிரசவம் தொடங்கி ராத்திரி முழுக்கக் கிடந்தது. ஒரு மருத்துவருக்குப் போன் செய்தோம். "பன்னியா?" என்றார். அப்புறம் எடுக்கவில்லை. ஒன்பது குட்டிகளில் ஐந்து செத்துப் பிறந்தன. ஐந்து குட்டி என்றால் அந்த வீட்டில் பள்ளிக் கட்டணம். வேறு விளக்கம் வேண்டாம்.

இதற்கெல்லாம் வைத்தியம் பெரிய ரகசியம் இல்லை. பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே தவிட்டைக் கூட்டி, கீரைத்தண்டு, முட்டைக்கோஸ் இலை மாதிரி நார் உள்ளதைக் கொடுக்க வேண்டும். நடக்க விட வேண்டும். தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் வைக்க வேண்டும். குட்டி போடும் நாளில் பட்டினி போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அது தப்பு. கடைசித் தீவனத்துக்கும் பிரசவத்துக்கும் இடைவெளி கூடினால் பிரசவமும் நீள்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள். முக்குவதற்குச் சக்தி வேண்டாமா?

காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றிப் பண்ணை இருக்கிறது. பன்றி வளர்ப்பில் பயிற்சியும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் கொட்டகையில் நிற்கும் வெண்பன்றி 'தொழில் வாய்ப்பு', தெருவோரம் நிற்கும் கறுப்புப் பன்றி 'தொல்லை'. முன்னதற்கு வங்கிக் கடன், பின்னதற்கு மாநகராட்சி வண்டி. குடல் இரண்டுக்கும் ஒன்றுதான்! ஒல்காட் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தது இந்த அடையாறில்தான். அந்தப் பெயரைத் தாங்கிய குப்பத்தின் ஓரத்தில் நம் அத்தைகளுக்குத் தவிட்டுக் கணக்குச் சொல்ல ஒருவரும் வந்ததில்லை.

அத்தை இப்போது சென்னைக்கு வெளியே இரண்டு பன்றிதான் வைத்திருக்கிறார். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைத்துத்தான் ஊற்றுகிறார். சினை முதிர்ந்ததும் பிளாஸ்டிக் குடம் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். அதிலிருந்து வீட்டில் யாரும் மொள்ளக் கூடாது.