வண்டியே வீடானால்



என் அக்காவின் கணவர், எங்கள் மச்சான், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகளாகக் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதினார்: வீட்டை விற்றுக் காரவன் வாங்குவது, இருவரும் அதிலேயே குடியிருப்பது.

அடுத்த பக்கங்களில் தளவாடப் பட்டியல் நீண்டது. கடைசிப் பக்கத்தில் எனக்கென ஒரு கேள்வி இருந்தது. மதரஸாவில் பாடம் நடத்துகிறவள் என்பதால் மார்க்கக் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். "வண்டியிலேயே குடியிருந்தால் நாங்கள் ஆயுள் முழுக்கப் பயணிகள்தானே? நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதுகொண்டே இருக்கலாமா?"

சிறிய கேள்வி என்றே எண்ணினேன். அந்த வீடு விற்கப்படுமா இல்லையா என்பதே அதில் அடங்கியிருந்தது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

மணலி புதுநகரில் இருப்பவர்களுக்கு வண்டியில் வாழ்வது புதுமையன்று. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் டிரெய்லர் லாரிகள் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் வரிசை கட்டி நிற்பதைத் தினமும் காண்கிறோம். ஓட்டுநர்கள் கேபினிலேயே உறங்கி, லாரியின் நிழலிலேயே சமைத்து, கேன் தண்ணீரில் குளிக்கிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் லாரிக்காரர்கள் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் வண்டியோடு வண்டியாகக் காலம் கழிக்கிறார்கள். மச்சானும் அப்படி வாழ்ந்தவரே. அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டை விற்றுவிட்டு, பேருந்து போன்ற வண்டிகளில் ஊர் ஊராகப் போவதை அவர் யூடியூபில் பார்த்தபோது, "இதைத்தானே நான் முப்பது வருஷமா செஞ்சேன்? அவங்க சோபா போட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்றாராம்.

அவர் ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் ஊர் தாங்காது. 2021 நவம்பரில் அக்கா வீட்டினுள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே நிலை. இரண்டு முறையும் அக்காவின் பீரோவும் கிதாபுகளும் நனைந்தன. "தண்ணி வந்தா வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்று மச்சான் சொன்னபோது யாராலும் சிரிக்க முடியவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் நாங்கள் நால்வரும், அதாவது அக்கா, மச்சான், நான், என் கணவர், அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கற்றுக்கொண்டவற்றைப் பகிர்கிறேன். இதே ஆசை உங்களில் சிலருக்கும் இருக்கலாம்.

முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 120 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு ஆட்களை எப்போதும் ஏற்றிச் செல்வதற்குச் சமம். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்தால் ஒரு தடவைக்கே நான்கைந்து லிட்டர் ஓடிவிடும். இருவர், ஐவேளை என்று கணக்கிட்டால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே தீரும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றியதாக ஹதீஸ் உண்டு. ஒரு முத்து இன்றைய அளவில் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவில் பத்து உளூவுக்கு ஏழு லிட்டர் போதும். ஆண்டுதோறும் நான் மாணவியருக்கு நடத்தும் பாடம் இது. வண்டிக்கான கணக்குப் போட்டபோதுதான் அதன் பொருள் எனக்கே உறைத்தது. மச்சான் நோட்டில் "மோட்டார் பம்ப், ஷவர்" என்பதை அடித்துவிட்டு, "மூக்கு வைத்த கெண்டி, இரண்டு" என்று எழுதினார்.

அடுத்து மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1.2 யூனிட் இருக்கும். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் பெரிய அமிலப் பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும். அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே விலை கூடினாலும் லித்தியமே வண்டிக்கு ஏற்றது. கூரையில் 400 வாட் சோலார் பலகை வைத்தால் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் வரை எதிர்பார்க்கலாம். விளக்கு, கைப்பேசி, முப்பது வாட்டில் ஓடும் மின்விசிறி, சிறிய குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு இது போதும். ஏசிக்குப் போதாது. ஒரு டன் ஏசி அந்தப் பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். இதில் ஒரு முரண்பாடும் உண்டு. சோலாருக்காக வெயிலில் நிறுத்தினால் உள்ளே வேகும்; நிழலில் நிறுத்தினால் மின்சாரம் வராது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அரசு விதித்திருக்கிறது. அதைக் கேட்ட மச்சான், "நான் இறங்கினப்புறம் வந்திருக்கு" என்றார்.

கழிப்பறை. கையில் எடுத்துச் செல்லும் வகையில் இருபது லிட்டர் தொட்டியோடு பெட்டி போன்ற கழிப்பறைகள் விற்கின்றன. அவை காகிதம் பயன்படுத்துவோருக்காக வடிவமைக்கப்பட்டவை. நாம் தண்ணீரால் சுத்தம் செய்பவர்கள். அந்தத் தொட்டி நமக்கு இருமடங்கு வேகத்தில் நிறையும். நிறைந்ததை எங்கே கொட்டுவது? மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என்று நபி (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். புளியமர நிழலில் வண்டியை நிறுத்திப் பாத்திரம் கழுவிய நீரைத் திறந்துவிடுவதும் அந்த எச்சரிக்கையை நினைத்துப் பார்க்க வேண்டிய செயலே. ஆகவே கழிவுநீருக்கும் ஒரு தொட்டி, அதை முறையான கழிப்பறையில் மட்டுமே காலி செய்வது என்று முடிவானது.

எரிவாயு. ஐந்து கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்க முடியும். இந்தியன் ஆயில் அதை 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே கசிவை அறிவிக்கும் கருவியைத் தரையருகே பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவி தனியாகத் தேவை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற காரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்றே மச்சான் ஜெனரேட்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்துவிடலாம் என்றே மச்சான் முதலில் நினைத்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. தயாரிப்பாளரின் வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. காரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்திலேயே காரவன் என்று பதிவான வண்டியை வாங்குவதே வம்பில்லாத வழி. ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை, 2014இல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் எந்த ஊரிலிருந்தும் தரலாம். ஆனால் ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் ஒரு கதவு எண் வேண்டும். வீட்டை விற்றபின் அந்த எண்ணுக்கு எங்கே போவது? அந்தக் கேள்விக்கு நோட்டில் விடை இல்லை.

சென்ற ஏப்ரலில் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். வாங்குமுன் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றார். அக்கா வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை உண்டு. அதன் கீழே பன்னிரண்டடிக்கு ஆறடி என்று சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டோம். அதுதான் வண்டி. கேன்களில் 120 லிட்டர் தண்ணீர், ஒரு பேட்டரி, ஒரு மின்விசிறி, சோட்டு சிலிண்டர், இரண்டு பாய். மூன்று நாள். கழிப்பறைக்கு மட்டும் கீழே இறங்கலாம்.

முதல் நாள் நண்பகல் தகரத்தின் சூட்டில் இருவரும் வதங்கிப் போனார்கள். இரண்டாம் நாள் அஸருக்குத் தண்ணீர் தீர்ந்தது. கெண்டி இருந்தும் போதவில்லை. பாத்திரம் கழுவுவதைக் குறைவாக மதிப்பிட்டிருந்தோம். மச்சான் இரவில் நன்றாக உறங்கினார். அவருக்குப் பழகிய படுக்கை. அக்கா உறங்கவில்லை. கோட்டுக்குள் எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் சொன்னார்: "மாவு கிரைண்டர் வேணும். கிதாபு அலமாரி வேணும். பேரப்பிள்ளைங்க வந்தா படுக்க இன்னும் ரெண்டு பாய் வேணும்."

"கிரைண்டரா? அது பதினஞ்சு கிலோ இருக்கும்" என்றார் மச்சான்.

அந்தக் கிரைண்டர்தான் நான் தேடிக்கொண்டிருந்த மஸ்அலாவை நினைவூட்டியது. கப்பலையன்றி வேறு வீடில்லாத படகோட்டியைப் பற்றி நம் இமாம்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். அவனுடைய குடும்பமும் அடுப்பும் தேவையான பொருள்களும் அவனோடு கப்பலிலேயே இருந்தால் அவனுக்குப் பயணிக்குரிய சலுகை இல்லை என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. இப்னு குதாமா (ரஹ்) தம் அல்முக்னீயில் இதை விளக்குகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அவன் சுருக்கித் தொழலாம்; ஆயினும் இந்தக் கருத்து வேறுபாட்டைக் கருதி முழுமையாகத் தொழுவதே சிறந்தது என்பார்கள். மேலும், போகுமிடம் இன்னதென்று இல்லாமல் அலைபவனுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் சுருக்கித் தொழ அனுமதி இல்லை. ஓரிடத்தில் தங்கினால், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணத்தோடு சலுகை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அந்தக் கணக்கு பதினைந்து நாள்.

இதை அவர்களிடம் விளக்கினேன். அடுப்பு கப்பலேறியதும் வீடும் கப்பலேறிவிட்டது என்று அந்த இமாம் கருதினார்கள். நமக்கு அடுப்பின் இடத்தில் கிரைண்டர். எதையும் பின்னால் விட்டு வராதவனை எப்படிப் பயணி என்பது? சலுகை, வீட்டைப் பிரிந்த சிரமத்தில் இருப்பவனுக்கு அல்லாஹ் தந்த தருமம்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா மச்சானைப் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம் நீங்க லாரியில இருந்தீங்க. எந்த ஊர்ல இருந்தாலும் திரும்பி வர வீடு இருந்துச்சு. நான் இருந்தேன். இப்ப ரெண்டு பேருமே வண்டியில இருந்தா, எங்கே திரும்பி வர்றது?"

மச்சான் பதில் சொல்லவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து, நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியின் 'வீட்டை விற்று' என்பதை மட்டும் அடித்தார். இரண்டாம் வரியில் 'அதிலேயே குடியிருப்பது' என்பதை 'மூன்று மாதம் போய்வருவது' என்று திருத்தினார்.

இப்போது திட்டம் வேறாகிவிட்டது. வீட்டின் தரைத்தளத்தில் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டிய பொருள் எதையும் வைக்காமல், அவர்கள் மாடிக்குக் குடியேறிவிட்டார்கள். காரவன் என்று பதிவான பழைய வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், முதல் பயணம் கடற்கரையோரமாக: நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம், அங்கிருந்து கொடுங்கல்லூர் சேரமான் பள்ளி. போகுமிடம் தெரிந்த பயணம். திரும்பி வரும் நாளும் குறித்தாயிற்று. வழியில் இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழுதுகொள்ள மனத்தடை ஏதுமில்லை.

நோட்டில் நான்கு பக்கம் இருந்த பட்டியல் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. கிரைண்டர் வீட்டிலேயே இருக்கிறது. பயணம் முடிந்து வந்த மறுநாள் காலை இட்லிக்கு மாவு ஆட்டுவேன் என்று அக்கா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

ஓய்வுக்காலத்தைத் திட்டமிடும் சகோதர சகோதரிகளே, எதை ஏற்றுவது என்று எழுதும்போது எதை விட்டுவைப்பது என்பதையும் எழுதுங்கள். உங்கள் துணையையும் அருகில் உட்கார வைத்து எழுதுங்கள். எங்கள் அக்காவும் மச்சானும் நலமாகப் போய் நலமாகத் திரும்ப துஆச் செய்யுங்கள். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.