தாய்க்குப் பழையது, சேய்க்குப் புதிது

முதற் பிரசவத்திற்கு நம் குடும்பங்களில் நடைபெறும் உபசாரங்களை யாவரும் அறிவர். வளைகாப்பு, சீமந்தம், பிறந்த வீட்டுக்கு அழைத்துச் செல்லுதல், லேகியம் கிளறுதல் என்று மாதக்கணக்கில் வீடு அமர்க்களப்படும். குழந்தை பிறந்த பின்னரோ, தாயின் கட்டிலைச் சுற்றி ஒரு சிறிய மகாநாடே கூடிவிடும். பாட்டி ஒன்று சொல்வாள். பெரியம்மா மற்றொன்று சொல்வாள். அடுத்த வீட்டு மாமி இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வாள். இரண்டாவது பிரசவமானால் உபசாரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. உபதேசமோ அடியோடு நின்றுவிடுகிறது. "அவளுக்கு என்ன தெரியாது? ஒன்று பெற்று வளர்த்தவள்தானே!" என்று சொல்லி எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை ஒரு விதத்தில் பெருமை தருவதுதான். ஆனால் அதனால் விளையும் கஷ்டம் ஒன்று உண்டு. பால் கொடுக்கும்போது முலைக்காம்பில் வலி எடுத்தால், முதற் குழந்தையைப் பெற்றவள் "வலிக்கிறதே!" என்று வாய்விட்டு அழுதுவிடுவாள். இரண்டாவது குழந்தையைப் பெற்றவளோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். தெரிந்த வேலையில் தடுமாறுவதை வெளியே சொல்ல வெட்கம். சொன்னாலும் கேட்பார் இல்லை. அவ்வாறு பொறுத்துப் பொறுத்து, கடைசியில் பொறுக்க மாட்டாமல் புட்டிப் பாலுக்குப் போனவர்களை நாம் அறிவோம்.

இது குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகுந்த விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பப் பத்திரிகையில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? தாய் மாத்திரம் படித்தால் போதாது. அவளுடைய கணவனும் மாமியாரும் படிக்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

நம்முடைய மூத்த மகன் எவ்விதத் தொந்தரவுமின்றி ஒன்றரை வயது வரையில் பால் குடித்தவன். நான்கு வருஷங்களுக்குப் பின் மகள் பிறந்தாள். மூன்றாம் நாளிலேயே காம்பு கன்றிச் சிவந்தது; ஐந்தாம் நாள் வெடித்து இரத்தம் கசிந்தது. குழந்தை பசித்துச் சிணுங்கும் குரல் கேட்டாலே நமக்கு உடம்பு நடுங்கும். பிரசவம் நடந்த மருத்துவமனையில் கேட்டதற்கு, "இரண்டாவது குழந்தைதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்ற பதிலே கிடைத்தது. வீட்டுப் பெரியவர்கள், "நாலு நாள் பொறுத்துக்கொள், அம்மா. காம்பு தானே மரத்துப் போகும்" என்று அன்போடுதான் சொன்னார்கள். பெற்றவளுக்குக் குழந்தையைக் கையில் எடுக்கவே பயம் உண்டாவதைவிடப் பெரிய துக்கம் வேறு என்ன இருக்க முடியும்?

ஆறாம் நாள் வந்த கிராம சுகாதாரச் செவிலியர், பையிலிருந்து மருந்து எதையும் எடுக்கவில்லை. "பாப்பாவுக்குப் பால் கொடுங்கள் டீச்சர், பார்க்கிறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்குப் பழக்கம்தான், டீச்சர். பாப்பாவுக்கு இது புதிசு இல்லையா? வெறும் காம்பை மட்டும் கவ்வுகிறாள்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இது சட்டென்று விளங்கிற்று. உபாத்தியாயருக்கு எத்தனை வருஷ அநுபவம் இருந்தாலும், ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் வந்து உட்காரும் குழந்தைக்கு அன்றுதான் முதல் நாள். சென்ற வருஷத்துப் பிள்ளை பென்சில் பிடிக்கக் கற்றது இந்த வருஷத்துப் பிள்ளைக்கு எவ்விதம் உதவும்? வாயின் அளவு வேறு, நாக்கின் அமைப்பு வேறு, குணமும் வேறு. ஆகையால் இரண்டாவது குழந்தைக்கும் முதற் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அந்த முதற் பாடம் யாது? குழந்தை காம்பை உறிஞ்சிப் பால் குடிக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காம்பை மட்டுமின்றி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய் நிறையக் கவ்விக் குடிக்க வேண்டும். வாசகர்கள் தங்கள் நாக்கின் நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பார்க்கலாம். முன்பகுதி எலும்பாகக் கடினமாயிருக்கும், பின்பகுதி மிருதுவாயிருக்கும். நன்றாகக் கவ்விய குழந்தையின் வாயில் காம்பு அந்த மிருதுவான இடத்துக்கு அருகே போய்விடுகிறது. அங்கே நசுக்குவதற்கு ஒன்றுமில்லை. வெறும் காம்பை மட்டும் கவ்வினாலோ, நாக்குக்கும் கடினமான அண்ணத்துக்கும் நடுவே அது சிக்கி நசுங்குகிறது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை இவ்வாறு நசுங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்? குழந்தை வாயை எடுத்தபின் காம்பு உருண்டையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சப்பையாக நசுங்கியிருந்தால் கவ்வியது சரியில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

குழந்தையைப் பிடிக்கும் முறை இது. தாய் முதுகுக்குச் சாய்மானம் வைத்துச் சௌகரியமாக உட்கார வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, அதன் வயிறு தாயின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கழுத்து மட்டும் திரும்பியிருந்தால் நம்மாலேயே தண்ணீர் குடிக்க முடியாது. பச்சைக் குழந்தையால் முடியுமா? மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பினால் மேலுதட்டை லேசாகத் தடவினால் குழந்தை வாயைத் திறக்கும். கொட்டாவி விடுவதுபோல் அகலமாகத் திறக்கும் வரையில் காத்திருந்து, குழந்தையை மார்பினிடம் கொண்டுவர வேண்டும். குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகலாகாது. மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, கருவட்டம் கீழே மறைந்து மேலே சற்றுத் தெரிந்தால் பாடம் கைவந்துவிட்டது.

சரியாகக் கவ்வவில்லையென்றால் வெடுக்கென்று இழுத்துவிடக் கூடாது. அதனாலேயே புண் உண்டாகும். சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்தால் பிடி தளர்ந்துவிடும். பிறகு மறுபடி முயலலாம். முதல் சில நாட்களில், குடிக்கத் தொடங்கும்போது சில விநாடிகள் கூச்சமும் லேசான வலியும் இருப்பது சகஜம். குடித்து முடிக்கும் வரை நீடிக்கும் வலியும், வெடிப்பும், இரத்தமும் சகஜமல்ல.

இரண்டாவது பிரசவத்துக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. மூத்த குழந்தைக்குப் பால் கொடுத்தவளுக்கு இம்முறை பால் பெரும்பாலும் சற்று முன்னதாகவே சுரந்து நிறையும். மார்பு கல்லைப்போல் இறுகிக் கருவட்டம் விறைத்திருந்தால் குழந்தையால் அதைக் கவ்வ முடியாது. வழுக்கிக் காம்பு நுனிக்கு வந்துவிடும். அப்போது கையாலேயே கொஞ்சம் பாலைப் பீய்ச்சி, கருவட்டம் இளகிய பிறகு கொடுக்க வேண்டும். மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அது பாலை வற்றச் செய்வதற்காகக் கையாண்ட முறையாதலால், பால் வேண்டுகிறவள் அதைச் செய்யலாகாது.

மற்றொன்று, பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் எழும் வலி. குழந்தை குடிக்கையில் தாயின் உடம்பில் ஊறும் ஆக்ஸிடோஸின் என்னும் ரஸம், பாலை வெளிப்படுத்துவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. முதற் பிரசவத்தைவிட அடுத்தடுத்த பிரசவங்களில் இந்த வலி அதிகம். சில நாட்களில் அடங்கிவிடும். இந்த வலியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டால் குழந்தையின் பிடியும் நழுவும். ஆகையால் பொறுக்க முடியாதவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தக்க மாத்திரை பெறலாம். மூத்த குழந்தை இன்னும் பால் குடிக்கிறதென்றால், கர்ப்பகாலத்திலேயே காம்பு கூசுவதுண்டு. பிரசவத்துக்குப் பின் இருவருக்கும் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் புதிதாய்ப் பிறந்ததற்கே முதல் உரிமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் அவசரந்தான். மூத்தவன் சோற்றுக்கு அழுகிறான். அவனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அடுப்பில் உலை கொதிக்கிறது. இந்த நிலையில் குழந்தை எப்படிக் கவ்வினால் என்ன, குடித்தால் போதும் என்று தோன்றுவது இயற்கையே. அவசரத்தில் மிச்சம் பிடித்த ஒரு நிமிஷம் ஒரு வாரத்து வலியாக முடிகிறது.

வெடித்துவிட்ட காம்புக்குச் சிகிச்சை எளியது. பால் கொடுத்தபின் தாய்ப்பாலிலேயே இரண்டு துளியைத் தடவிக் காற்றாட உலரவிடலாம். இது பத்தாம்பசலி வழக்கமன்று. உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் அமைப்பு 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒன்றுமே தடவாமலிருப்பதோ தாய்ப்பாலைத் தடவுவதோ களிம்புகளுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை என்று கண்டார்கள். எந்தச் சிகிச்சையானாலும், பிரசவமான 7 முதல் 10 நாட்களுக்குள் பெரும்பாலோருக்கு வலி லேசாகிவிடுகிறது என்றும் கண்டார்கள். வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுக்கலாம், பிடிக்கும் நிலையை மாற்றலாம், படுத்துக்கொண்டும் கொடுக்கலாம். காம்பைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. கருவட்டத்தில் இயற்கையாக ஊறும் எண்ணெய்ப் பசையை அது போக்கிவிடும். தினமும் குளிக்கும்போது படும் தண்ணீரே போதும். பிரசவத்துக்கு முன் முரட்டுத் துணியால் தேய்த்துக் காம்பை மரக்கச் செய்வதால் புண்தான் மிஞ்சும். இத்தனை நிமிஷந்தான் குடிக்கலாம் என்று கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதாலும் வலி வராமற் போகாது. வெடிப்பிலிருந்து கசியும் சிறிது இரத்தம் பாலோடு குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் பயமில்லை.

சில சமயங்களில் வைத்தியரிடம் போயே தீர வேண்டும். சரியாகப் பிடித்தும் வலி குறையாவிட்டால் குழந்தையின் நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் அதை எளிதில் விடுவித்துவிடுவார்கள். குடித்து முடித்த பின்னும் காம்பு எரிந்து, குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அவ்வாறாயின் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே மருந்து வேண்டும். காம்பு வெளுத்துப் பின் நீலம் பாரித்து வலித்தால், குளிர் படாமல் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மார்பில் ஓரிடம் சிவந்து காய்ச்சல் வந்தால் தாமதிக்கலாகாது. அப்போதுங்கூடப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுவதில்லை.

இனி, புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்ப்பாலுக்குப் பதிலான மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்யலாகாது என்று நம் நாட்டில் 1992-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஆனால் வலியால் துடிப்பவளுக்கு விளம்பரம் எதற்கு? "ஒரு வேளைக்குத்தானே" என்ற சொல்லே போதும். ஒரு வேளை இரண்டு வேளையாகும். குழந்தை குடிப்பது குறையக் குறையச் சுரப்பும் குறையும். காம்பு ஆறும் வரை வாய் வைக்கவே விட முடியாத வலியானால், பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடை இதற்கு ஏற்ற கருவி. சுரப்பும் குறையாது, குழந்தைக்கு ரப்பர்க் காம்பின் பழக்கமும் வராது.

நம் மகளின் பிடியைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது; புண் ஆற மேலும் ஐந்து நாள் சென்றது. அதன் பிறகு அவள் இரண்டு வயது வரையில் குடித்தாள். ஒருவர் அரை நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததனால் விளைந்த நன்மை இது.

இந்த உபகாரத்தைச் செய்ய ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உண்டு. கணவன் மூத்த குழந்தையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டால் தாய்க்கு அவசரம் நீங்கும். மாமியாரோ அம்மாவோ, "உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிப் போய்விடாமல், "வலிக்கிறதா, கண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவளுக்கு வாய் திறக்கும். வலிக்கிறது என்று அவள் சொன்னால், பொறுத்துக்கொள் என்று சொல்லாமல், குழந்தை எப்படிக் கவ்வியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். முதற் குழந்தைக்குக் கூடிய மகாநாடு இரண்டாவது குழந்தைக்கும் ஒரு நாள் கூடட்டும்; பேச்சைக் குறைத்துக்கொண்டு பார்வையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.