எல்லையில் தம்பி, கோர்ட்டில் நிலம்

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன்பு எங்கள் நிலத்தை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சவுக்கும் மணிலாவும் போட்ட மணல்காடு அது. இன்றைக்கு மூன்று பக்கமும் காம்பவுண்டு சுவர்.

அதில் ஒரு துண்டு, ராணுவத்தில் இருக்கும் எங்கள் தம்பி ஒருவருடையது. பஞ்சமி நிலம். போன வருடம் விடுப்பில் வந்தவர் கையில் அவர் அம்மா ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். கதவில் ஒட்டிவிட்டுப் போனதாம். படிக்கத் தெரியாத அந்த அம்மா, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் கோர்ட் சம்மன். இறந்துபோன அப்பா முன்பணம் வாங்கிக்கொண்டு கிரய ஒப்பந்தம் போட்டாராம், வாரிசுகள் இப்போது நிலத்தை எழுதித் தர வேண்டுமாம். வழக்குப் போட்டவர் தலித் அல்லாதவர். தம்பி ராணுவத்தில் இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். நாங்கள் போய் விசாரித்தபோது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே ஆகியிருந்தது.

"அண்ணே, நான் அங்க பனியில நிக்கிறப்ப, இங்க என்னைக் கேக்காமலே தீர்ப்பு எழுதலாமா?" என்று தம்பி கேட்டார். எங்களில் இரண்டு பேர் சட்டக் கல்லூரி மாணவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்வோம். இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தோம்.

1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வழக்குக்காக விடுப்பு எடுத்த வீரர் ராணுவ அதிகாரியின் சான்றைக் கொடுத்துக் கேட்டால், முடிந்தவரை அந்த விடுப்புக்குள்ளேயே வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் கட்டளைப்படி, விடுப்பு கிடைக்காத வீரர், தன் மேலதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, தனக்குப் பதிலாக வழக்கு நடத்த வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். அது அவர் அம்மாவாகவும் இருக்கலாம். அதே சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி கடனுக்காக அவர் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது.

இவற்றோடு 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டமும் இருக்கிறது. போர்ச்சூழல், வெளிநாட்டுப் பணி போன்ற சிறப்பு நிலைமைகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அப்படிப்பட்ட வீரர் மீது வழக்குப் போடுபவர், அதை மனுவிலேயே சொல்லியாக வேண்டும். கோர்ட் வழக்கை நிறுத்தி வைக்கலாம். அவர் இல்லாமல் வந்த தீர்ப்பை ரத்து செய்யலாம். தன் மாவட்டத்து வீரரால் ஆஜராக முடியவில்லை என்று கலெக்டரே கோர்ட்டுக்குச் சான்று எழுதலாம்.

கலெக்டர் என்ற சொல் வந்ததும் எங்களுக்கு வேறொரு கலெக்டர் நினைவுக்கு வந்தார். 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதிய டிரமென்ஹீர். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டவர்களுக்கே விற்க வேண்டும். அந்த நிபந்தனைப்படி பார்த்தால், தம்பி மீது போட்ட வழக்கின் ஒப்பந்தமே நிற்காது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல கோர்ட்டில் ஆள் இருக்க வேண்டுமே.

நிலம் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் நமக்குத் தெரியும். இதே மாமல்லபுரத்தை அடுத்த காரணையின் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர்விட்டார்கள்.

1892இன் காகிதம் நிலத்துக்குக் காவல்; 1925இன் காகிதம் வீரனுக்குக் காவல். இரண்டும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. சேரியின் கதவுக்கு வந்து சேர்ந்ததோ சம்மன் மட்டும்தான். அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். ராணுவ உடை நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது உண்மை. அந்த உடையைப் போட்டவன் வீட்டு நிலத்தை ஊர் மதிக்கவில்லை என்பதும் உண்மை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். தம்பியின் படைப்பிரிவில் கடிதம் வாங்கி, அந்தக் கெடுவுக்குள் மனுப் போட்டோம். தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுபடியும் நடக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் அம்மா போகிறார், கூடவே எங்களில் ஒருவர்.

தோழர்களே, உங்கள் சேரியிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்கள் வீட்டுப் பட்டாவை ஒரு நகல் எடுத்து வையுங்கள். கிளம்பும் முன் அவர்களிடம் 28ஆம் கட்டளையைச் சொல்லி அனுப்புங்கள். முக்கியமாக, அந்த வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஜெய் பீம்.