மறுபடியும் பெருக்குவது

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. 2006 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலே கூடத்தைப் பெருக்கினான். பூந்துடைப்பம் அவன் நெஞ்சு வரை இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, தோணி தள்ளுகிறவனைப் போல முன்னால் தள்ளிக்கொண்டே போனான். குப்பையில் பாதி அவனோடு போயிற்று; பாதி பின்னாலேயே தங்கிவிட்டது. "பேஷ்" என்றேன். அவன் கை கழுவப் போனதும் துடைப்பத்தை எடுத்து நானே மறுபடியும் பெருக்கினேன். நிமிர்ந்தபோது நிலைப்படியில் நின்றிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனாகத் துடைப்பத்தைத் தொட்டதில்லை.

குழந்தைகளை வீட்டுக் காரியத்தில் பழக்க நட்சத்திரம் ஒட்டிய அட்டவணை, காசு, மிட்டாய் என்று வழி சொல்கிறார்கள். எனக்கென்னவோ, குழந்தை தானாகத்தான் வருகிறது, நாம்தான் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்று தோன்றியது. நான் சொன்ன 'பேஷ்' பொய் என்பதை என் கையே காட்டிக்கொடுத்துவிட்டது. புதிதாக எழுத வந்தவனைப் புகழ்ந்து கடிதம் போட்டுவிட்டு, அவன் கவிதையைத் தன் கவிதையாகத் திருத்தி அச்சேற்றுகிற ஆசிரியர்களை நம்மில் பலருக்கும் தெரியும். அவன் இரண்டாவது கவிதை அனுப்புவதில்லை.

என் அக்காவுக்கு இப்படி நேர்ந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில், தஞ்சை ஜில்லாக் கிராமத்தில், வாசல் பெருக்குவது அவள் வேலை. புது விளக்குமாறு அம்மாவுக்கு, தேய்ந்தது அக்காவுக்கு. ஈர்க்கு தேயத் தேய அது சரியாக ஒரு சிறுமியின் கைக்கு அடங்குகிற அளவுக்கு வந்துவிடும். பாராட்டு கிடையாது. மூலை விட்டுப்போனால், "அதை உன் மாமியார் வந்து பெருக்குவாளா?" என்று அம்மா கேட்பாள்; அக்காவே மறுபடியும் பெருக்குவாள். விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் குப்பையை வெளியே தள்ளாமல் மூலையில் ஒதுக்க வேண்டும், ஒருவர் ஊருக்குக் கிளம்பியதும் உடனே பெருக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குச் சொல்லப்பட்டன. எனக்குச் சொல்லப்படவில்லை. போகிக்கு முன் ஒட்டடை அடிக்கும்போது பரணிலிருந்து இறக்குகிற பாத்திரங்களை வாங்கி வைப்பேன். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவேன். வருஷத்தில் இரண்டு நாள்.

அக்கா செய்ததை யாரும் மறுபடி செய்யாமல் விட்டது அவளுக்குக் காட்டிய மரியாதை என்று சமீபத்தில் அவளிடமே சொன்னேன். "மரியாதையா? நீ அப்போ தூங்கிண்டிருப்பே" என்றாள்.

2006ல் நாங்கள் இருந்தது அடையாறில். மரியா மாண்டிசோரி 1939ல் வந்து பயிற்சி வகுப்பு நடத்திய தியசாஃபிகல் சொசைட்டி நடந்துபோகும் தூரம். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவரைப் பற்றிப் படித்தேன். 1907 ஜனவரி 6ந் தேதி ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில் அவர் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' வெறும் கல்வி லக்ஷ்யத்தில் பிறந்ததல்ல. பெற்றோர் வேலைக்குப் போய்விட, குடியிருப்பில் தனியாக விடப்பட்ட தொழிலாளர் குழந்தைகள் சுவர்களைப் பாழாக்கினார்கள். கட்டடத்தை நிர்வகித்தவர்களுக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. மாண்டிசோரி அவர்கள் உயரத்துக்கு நாற்காலி மேஜை செய்வித்தார். பெருக்குவதும் துடைப்பதும் அங்கே பாடங்களாயின. குழந்தை ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கையில் பெரியவர் குறுக்கிடாமல் விலகி நிற்க வேண்டும் என்பது அந்த முறையில் முக்கியமான விஷயம். படித்த வேகத்தில் கடைக்குப் போய், இருப்பதிலேயே சிறிய துடைப்பம் ஒன்று வாங்கிவந்தேன்.

வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாளின் மகள்; ஒன்பது வயது இருக்கும். சனி ஞாயிறுகளில் தாயோடு வருவாள். தாய் பாத்திரம் தேய்க்க, இவள் கூடத்தைப் பெருக்குவாள். மூலை விடமாட்டாள். அந்த அக்டோபர் 10ந் தேதி முதல் பதினாலு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலையில் வைக்கக் கூடாது என்ற மத்திய அரசின் ஆணை அமலுக்கு வந்தது. பேப்பரில் படித்துவிட்டு, மகளை அழைத்துவர வேண்டாம் என்று தாயிடம் சொன்னேன். "தனியா எப்படி சார் வுட்டுட்டு வர்றது? பெருக்க வேணாம்னா சும்மா குந்தியிருக்கட்டும்" என்றாள். குந்தியிருந்தாள். இரண்டு வேலையும் தாயின் தலையில் விழுந்தன. சம்பளம் அதேதான்.

சட்டம் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2016ல் அது எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. அக்காவின் வாசல் அந்த விலக்குக்குள் வந்துவிடும்.

அந்தப் பெண் புதுத் துடைப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். படியிலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்து, "மூலைக்கு நல்லா போகும் சார். யாருக்கு?" என்றாள். "தம்பிக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மகன் அதைத் தொடவில்லை.

இப்போது அவன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். தன் அறையைத் தானே பெருக்கிக்கொள்கிறான். போன மாதம் வந்திருந்தபோது, அன்று எதற்காகப் பெருக்கினான், ஏன் பிறகு விட்டுவிட்டான் என்று கேட்டேன். என் மறுபெருக்கலுக்கு இத்தனை வருஷம் கழித்தாவது மன்னிப்புக் கேட்கிற உத்தேசம்.

"அந்தப் பொண்ணு அன்னிக்குதான் சும்மா உட்கார்ந்திருந்தா. யாராவது பெருக்கணுமேன்னு பெருக்கினேன்" என்றான். "அப்பறம் நீயே எடுத்துப் பெருக்கினே. சரி, இனிமே அது உன் வேலை போலிருக்குன்னு விட்டுட்டேன்."

அந்த வீட்டில் நான் பெருக்கியது அந்த ஒரு நாள்தான்.