தனிநடையும் திண்ணைக் கூட்டமும்

தந்தையார் நீரிழிவால் காலை இழந்தவர். ஆதலின், எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியது அழகுக்காக அன்று என்பதை அறிந்திருந்தோம். எனினும் வெட்கம்! எவருமறியாமல் விடியலில் பிரெட்றிக் கோட்டை வரை நடந்தோம். மான்கள் மட்டுமே சாட்சி. மூன்றாம் வாரம் மழை வந்தது; நடை நின்றது. ஏனென்று கேட்பாரில்லை.

நியூயோர்க்கில் ஜீன் நைடெட்ச் என்னும் இல்லத்தரசியும் உணவுக்கட்டுப்பாட்டின்போது களவாகப் பிஸ்கற் தின்றவரே. 1961இல் ஆறு தோழியரை வீட்டுக்கழைத்து அதை ஒப்புக்கொண்டார். 1963இல் அக்கூட்டம் கம்பனியாயிற்று, மனந்திறக்கவும் கட்டணம்!

நாமும் அயலவர் நால்வரைத் திண்ணைக்கு அழைத்து, உணவுப் பட்டியலொன்றை வாசித்தோம். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவர் இடைமறித்தார்: “சேர், மூண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ இல்லாட்டி மத்தியானம் மட்டும் மூட்டை தூக்க ஏலாது.”

பட்டியலை மடித்தோம். பாணைவிட மலிவாகப் பசி தாங்குவது எது என்பதே இரவுவரை பேச்சு. குரக்கன் என்றார் ஒருவர். அதன் விலையை மற்றொருவர் சொன்னதும் அனைவரும் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் வந்தார். சீனி இரண்டு கரண்டியாகிவிட்டதாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாளும் தின்ற இரண்டு வடைகளை அன்றுதான் நாமும் ஒப்புக்கொண்டோம்.