ஆறாவது வாரத்து ஊசி

கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றுதான் எங்கள் காலனிப் பெண்களிடம் சொல்லி அனுப்பினார்கள். பாதி உண்மை. பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு.

அதனால்தான் பிரசவமான ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்கிறது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல். பிள்ளைக்கு முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அதே ஆறாவது வாரம்தான். புதன்கிழமை தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். தாயின் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு நாள் வரச் சொன்னால் அந்த நாள் கூலி போச்சு.

விடாமல் கேட்டு, அன்றைக்கே பார்க்க வைத்தோம். எங்களில் ஒருத்திக்கு 168. 140ஐத் தாண்டிவிட்டது, 200ஐத் தொடவில்லை. இன்னும் நோயில்லை, அதன் வாசற்படி. அவள் அம்மா சர்க்கரையால் கால்விரலை இழந்தவர். அன்றிரவு எங்களில் யாருக்கும் தூக்கமில்லை.

"சோத்தைக் குறைங்க, வாக்கிங் போங்க" என்றார்கள். ரேஷன் அரிசியை விட்டால் வீட்டில் வேறென்ன இருக்கிறது? காலனியிலிருந்து ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. விடிகாலையில் அங்கே எங்கள் பெண்கள் கைவீசி நடந்தால் என்ன பேச்சு வரும் என்று ஆலோசனை சொன்னவர்களுக்குத் தெரியாதா? (அந்த நடை காலனிக்குள்ளேயே, பத்துப் பேராக இப்போது நடக்கிறது.)

தோழர்களே, உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு புதன்கிழமை போய் நில்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்களை விசாரியுங்கள். தாய் சேய் அட்டையைக் காட்டி அன்றைக்கே சோதிக்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தேதியையும் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.