நிழலை எந்தப் பக்கம் விழுத்துறது?

கப்பலில் செய்மதி அன்ரனாவை எங்கே பூட்டலாம் எண்டு கேட்டால், "ஆக உச்சியில" எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். உச்சியில் வானம் முழுக்கத் தெரியும், அது உண்மைதான். ஆனால் அந்த உச்சியில் ஏற்கெனவே இடமில்லை. இரண்டு ராடர், வெளிச்சங்கள், விஎச்எப் கம்பிகள், ஜிபிஎஸ் காளான்கள் எல்லாம் முண்டியடிச்சுக்கொண்டு நிக்கும். நூறு கிலோவுக்குக் கிட்ட வாற டோம் ஒன்றை அதுகளுக்கு மேல ஏத்தினால் கம்பம் அதிரும். கப்பல் உருளேக்க ஆக உயரத்தில் இருக்கிற சாமான்தான் ஆகக் கூட வீசுப்படும். பழுதானால் ஏறித் திருத்திறவன்ர பாட்டையும் யோசிக்க வேணும். (அவன் பெரும்பாலும் எங்களில் ஒருத்தன்தான்.)

அதனால் டோம் ஒரு படி கீழே, பிறிட்ஜின் கூரையில் இறங்கும். கப்பல்காரர் அந்த இடத்தை மங்கி ஐலன்ட் எண்டு சொல்லுவினம். அங்கேயும் சும்மா வைக்க ஏலாது. ராடரின் கற்றை மேலும் கீழுமாக 20 பாகைக்கு மேல் விரியும். அதுக்குள்ள டோம் நிண்டால் டோமுக்கும் கூடாது, ராடருக்கும் கண்ணில் பூ விழுந்த மாதிரி. காந்தத் திசையறி கருவியிலிருந்து விலத்த வேணும். புகைபோக்கிக்குக் கிட்டப் போனால் சூடும் கரியும். வயர் நீள நீளச் சைகை தேயும். இவ்வளவையும் கழிச்சுப் பார்த்தால் மிஞ்சிறது இரண்டு மூன்று இடம். அந்த ஒவ்வொரு இடத்திலிருந்து பார்த்தாலும் வானத்தில் ஏதோ ஒரு துண்டை ராடர் கம்பம் மறைக்கும். நிழல் இல்லாத இடம் கிடைக்காது. எந்தத் துண்டை இழக்கிறது எண்டதைத்தான் நாங்கள் தெரிவுசெய்யலாம்.

கொழும்பில் திருத்த வேலைக்கு நிண்ட ஒரு நிலக்கரிக் கப்பலில் பழைய டோமைக் கழற்றிப் புதுசு பூட்டப் போயிருந்தம். தென்னாபிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏத்தி இந்தியாவுக்குக் கொண்டு வாறதுதான் அதின்ர வழமையான ஓட்டம். பழைய டோம் ராடர் கம்பத்துக்கு நேர் பின்னால், நடுக்கோட்டில் இருந்தது. அதே அடித்தளத்தில் புதுசைப் பூட்டச் சொல்லித்தான் எங்களுக்குக் கடிதம்.

எஞ்சின் அறையில் வேலை செய்யிற தூத்துக்குடி அண்ணை ஒருத்தர் எங்கட தமிழைக் கேட்டிட்டு மேல ஏறி வந்தார். "தம்பிங்களா, ரிச்சர்ட்ஸ் பே விட்டுக் கிளம்புனா நாலஞ்சு நாளைக்கு லைன் கிடைக்காது. அப்புறம் தானா வந்துரும். திரும்பிப் போறப்ப கடைசி ரெண்டு நாள் மறுபடியும் போயிரும். கம்பெனில கேட்டா வானிலைங்கிறாங்க. போன வாட்டி கிளம்புன மறுநாள் அம்மாவுக்கு ஆபரேஷன். அஞ்சாம் நாள்தான் அவங்க குரலைக் கேட்டேன்."

வானிலை நாள் கணக்குப் பார்த்து வாறதில்லை. நாங்கள் கடதாசியை எடுத்தம்.

அந்தச் சேவையின் செய்மதி மத்திய கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில், 64 பாகை கிழக்கை ஒட்டி நிக்குது. கப்பலிலிருந்து பார்த்தால் அது அசையாது, கப்பல்தான் அதுக்குக் கீழால நகருது. ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து பார்த்தால் அது வடகிழக்கில், அடிவானத்திலிருந்து 41 பாகை உயரத்தில். இந்தியாவுக்குப் போற பாதையும் கிட்டத்தட்ட வடகிழக்குத்தான். எண்டால் செய்மதி நேர் முன்னுக்கு. டோமுக்கு 3 மீற்றர் முன்னால் கம்பம், டோமை விட 6 மீற்றர் உயரம். 63 பாகைக்குக் கீழ உள்ள வானத்தை அது மூடிப்போடும். கப்பல் வடக்கே ஏற ஏறச் செய்மதியும் உயரும். மணிக்கு 13 கடல்மைல் ஓடினால் நாலு நாளைக்குப் பிறகுதான் அது கம்பத்தின் தலைக்கு மேல வரும். திரும்பிப் போகேக்க செய்மதி பின்பக்கம், அங்கே மறைக்கிறது புகைபோக்கி. அது அவ்வளவு உயரமில்லாததால் கடைசி ரெண்டு நாள் மட்டும். அண்ணை சொன்ன கணக்கும் எங்கட கணக்கும் ஒண்டா வந்து நிண்டது.

டோமைக் கூரையின் இடதுபக்க விளிம்புக்கு, கம்பத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோனால் முன்னும் பின்னும் திறந்திடும். நிழல் வலதுபக்கம் விழும், இந்த ஓட்டத்தில் அந்தப் பக்கம் செய்மதி தாழ்வாக வாறதில்லை.

கம்பெனியின் சுப்பிரின்ரன்டன் போனில் மாட்டேன் எண்டார். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருந்தது. புது அடித்தளம் எண்டால் வெல்டிங். கூரைக்குக் கீழே பிறிட்ஜ், அதின்ர உட்கூரையைக் கழற்றித் தீப்பிடிக்கிற சாமானெல்லாம் அகற்ற வேணும். ஒரு நாள் கூடும். கடற்றொழிலாளர் உடன்படிக்கைக்கு 2022 இல் கொண்டுவந்த திருத்தம் 2024 டிசம்பர் 23 இல் நடைமுறைக்கு வந்திட்டுது, கப்பலில் உள்ளவர்களுக்கு இயன்றவரை இணைய வசதி குடுக்க வேணும் எண்டு அது சொல்லுது எண்டம். "குடுக்கிறம்தானே" எண்டார். டோம் பூட்டியிருந்தால் குடுத்த கணக்கு. அஞ்சு நாள் வேலை செய்யாட்டியும்.

அண்ணையின்ர அம்மாவைப் பற்றியும் சொன்னம். அதுக்கு மறுபக்கத்தில் சத்தம் வரேல்லை. கப்டன்தான் போனை வாங்கி, அந்த நாட்களில் வானிலைப் படங்களும் கம்பெனிக்குப் போற அறிக்கைகளும் இந்த வழியால வாறதில்லை, விலை கூடின மற்ற லைனில்தான் அனுப்புறன் எண்டு சொன்னார். பத்து நிமிசத்தில் அனுமதி வந்திட்டுது. எங்களுக்குச் சந்தோசம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிசம் எங்களுக்கு இன்னும் செமிக்கேல்லை.

வெல்டிங் முடிஞ்சு டோம் ஏறின பிறகு கப்டன் கேட்டார், "இனி எங்க போனால் லைன் போகும்?" கேப் ரவுனைச் சுத்தி ஆபிரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறினால், அதே செய்மதியைப் பாவிச்சால், அது வலதுபக்கம் கம்பத்துக்குப் பின்னால ஒளிக்கும் எண்டம். அந்தப் பக்கம் தங்களுக்குச் சரக்கில்லை எண்டார். கப்பலை வாடகைக்கு எடுக்கிற ஆள் மாறினால் அதுவும் மாறும், அது அவருக்கும் தெரியும்.

மறைப்பு வலயத்தைக் கருவியில் பதிஞ்சிட்டு, கப்பலின் படத்தைக் கீறி, நிழல் விழுற பக்கத்தைச் சிவப்பால நிரப்பி, சாப்பாட்டு அறையில் ஒட்டினம். தூத்துக்குடி அண்ணை அதைப் போனில் படம் எடுத்து, அப்பவே வீட்டுக்கு அனுப்பினார்.